காஸ்டிக் டிரம்மில் போட்ட ஹெட்

கள்ளக்குறிச்சியில் என் பட்டறைக்கு வருபவர்கள் யாரும் என்னிடம் திட்டு வாங்காமல் போனதில்லை. வெள்ளிமலையில் சாமை விதைக்கும் ஓர் அண்ணன் தன் பழைய பெட்ரோல் காரை ஜீப்பில் கட்டி இழுத்து வந்தார். எஞ்சினைத் திறந்து, அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியதும் அவரையும் பிடித்துக்கொண்டேன். அது அலுமினிய ஹெட். தண்ணீர் ஓடும் ஓட்டைகளின் விளிம்பெல்லாம் அரித்து, பொருக்குத் தட்டிப்போய் இருந்தது.

"கூலண்ட் ஊத்தாம ஓடைத் தண்ணிய ஊத்திக்கினு இருந்தா இப்பிடித்தான் ஆவும். அலுமினியம்னா இன்னான்னு தெரியுமாணா உங்களுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதாங்க மேஸ்திரி. இந்தப் பழைய வண்டிக்கு வேற ஹெட்டு எங்கயும் கெடைக்காது. நீங்கதான் பாத்துக் குடுக்கணும்."

வாரத்துக்கு இரண்டு தடவை மனைவியை டயாலிசிஸுக்குக் கீழே அழைத்து வர அவருக்கு அந்தக் கார்தான். முடிந்து திரும்பும்போது அந்த அக்காவால் நிற்கக்கூட முடியாது. பஸ்ஸில் ஏற்றினால் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பார்.

எனக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் டிராக்டர் ஹெட்தான். எல்லாம் இரும்பு. கழற்றியதும் எண்ணெய் அழுக்குப் போக காஸ்டிக் சோடா டிரம்மில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன். இரும்பு நாள் முழுக்க ஊறினாலும் ஒன்றும் ஆகாது. அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அவரைத் திட்டி அனுப்பிய சூட்டில் என் கை பழக்கப்பட்டதைச் செய்துவிட்டது.

பாதி டீயில் டிரம் பக்கமிருந்து புஸ்ஸென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கொக்கி போட்டு இழுத்தேன். ஹெட் நுரைத்துக்கொண்டு கருத்து வந்தது. நன்றாக இருந்த இடமெல்லாம் குழி விழுந்திருந்தது. ஓடைத் தண்ணீர் பல வருஷமாகத் தின்றதை நான் ஒரு டீ நேரத்தில் தின்ன வைத்துவிட்டேன்.

நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கெட்டதைக் குடைந்து எடுத்தேன். கரி அடுப்பில் சூடேற்றி, மேலே துணி சோப்பால் ஒரு கோடு இழுத்து, கோடு கருத்துச் சூடு பதமானது தெரிந்ததும் ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பினேன். ஹெட்டின் அடிமுகத்தை மட்டமாக்கி, தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்ததில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் உள்ளே தண்ணீர் ஓடும் வழியின் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அங்கே ஓட்டை விழுந்தால் வண்டி மலைப்பாதையில் நின்றுவிடும்.

அண்ணன் வந்து கேட்டபோது "முடிஞ்சுதுணா" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஹெட்டைத் திறந்தவன் முதல் மலை ஏற்றத்தில் வண்டியில் உட்கார்ந்து வர வேண்டும். அன்று டயாலிசிஸ் நாள். காலையில் பஸ்ஸில் வந்த இருவரும் மதியம் காரை எடுக்க வந்தார்கள். அக்கா பின்சீட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டார். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

மலை ஏறத் தொடங்கியதும் போனில் சிக்னல் போயிற்று. சூடு காட்டும் முள்ளைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. மூன்றாவது வளைவில் அது ஒரு மயிரிழை நகர்ந்தது. எனக்கு வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

"வண்டிய வுட மேஸ்திரிதான் ஜாஸ்தி சூடாயிட்டாரு" என்றார் அக்கா, ஈனக் குரலில்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, டிரம்மில் போட்டதை ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"என்னியத் திட்டினீங்களே மேஸ்திரி" என்றார்.

பின்சீட்டிலிருந்து அக்கா கேட்டார். "அதெல்லாம் கெடக்கட்டும். இப்ப இது ஏறுமா, ஏறாதா?"

"தெரியலக்கா." இத்தனை வருஷத் தொழிலில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மெதுவாக ஏறினோம். ஏறிவிட்டது. வீட்டு வாசலில் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். கடைசி பஸ் பிடித்து இறங்கினேன்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் யாரும் கூப்பிடாமலே, கூலண்ட் கலந்த தண்ணீர் கேனோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். அண்ணன் முன்கதவைத் திறந்துவிட்டார்.

இன்றுவரை அந்த ஹெட் தாங்குகிறது. நானும் வாரம் இரண்டு தடவை கூடவே ஏறுகிறேன், கேனை மடியில் வைத்துக்கொண்டு, முள்ளைப் பார்த்தபடி. பயம் கொஞ்சமும் குறையவில்லை. அக்கா மட்டும் இப்போதெல்லாம் மூன்றாவது வளைவு வருவதற்குள் தூங்கிவிடுகிறார்.