பெயர் போடாத சுவர்

டர்பன்டைன் வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். இன்று காலை பக்கத்துத் தோப்புக்காரர் தன் மாங்காய்க் கிட்டங்கியின் இரும்புக் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். முதலமடையில் மாங்காய் இறங்கும் பருவம். காற்றிலேயே காம்புப் பால் ஒட்டுகிற பருவம். அந்தப் பால் வாசனையையும் லாரிப் புகையையும் அறுத்துக்கொண்டு டர்பன்டைன் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டேன். பாதித் தெரு நடந்த பிறகுதான் எங்கே போகிறோம் என்று யோசித்தேன். எங்கேயும் இல்லை. அந்த வாசனை எனக்கு ஒரு சுவர். தேவிகுளத்துக்கு அப்பால், தேயிலைச் சரிவில், சாலையைப் பார்த்து நிற்கும் ஒரு லயத்தின், தொழிலாளர் குடியிருப்பு வரிசையின், பக்கச் சுவர்.

அதை வரைந்தது என் தோழி. திருநங்கை. மாங்காய் மண்டிகளுக்கும் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் போர்டு எழுதிப் பிழைப்பவள். எங்கள் ஊர்வலங்களுக்குப் பதாகை எழுதுபவளும் அவள்தான். பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கிறாள். பருவத்தில் மாங்காய் ஏற்றும், மற்ற நாட்களில் எங்களை ஏற்றும். நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னைக் கவிஞரே என்பாள், அதில் பாதி கேலி.

பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலுமாகச் சிதறிக் கிடக்கிற கூட்டம் எங்களுடையது. பறை அடிப்பவர்கள், கூத்துக் கட்டுபவர்கள், படம் வரைபவர்கள். பூச்சிமருந்தடித்த தோப்பில் நோய்ப்பட்டவர்களுக்காக, நிலம் கேட்பவர்களுக்காக, யார் தெருவில் உட்கார்ந்தாலும் போய்ப் பக்கத்தில் உட்காருவோம். நான் ஆண்களை நேசிப்பவன் என்பதை நாற்பது தாண்டித்தான் வாய் திறந்து சொன்னேன். அதற்குப் பிறகு, தாமதமாகக் குடிக்கத் தொடங்கியவன் மாதிரி, வெளிச்சத்தை அளவில்லாமல் குடித்தேன். எல்லோரும் வெளியே வர வேண்டும். எல்லாம் சுவரில் ஏற வேண்டும். அப்படித்தான் பேசித் திரிந்தேன்.

லயத்துப் பெண்கள் கமிட்டி எங்களை அழைத்தது. அவர்கள் கேட்டது எளிய விஷயம். எஸ்டேட்டில் வேலை இருக்கும் வரைதான் லயத்து அறை. ஓய்வு பெற்றால் இறங்கிவிட வேண்டும், அல்லது வேலையில் இருக்கும் ரத்த சொந்தத்தோடு ஒண்டிக்கொள்ள வேண்டும். வாழ்நாளெல்லாம் தேயிலைக் கொளுந்து எடுத்தவளுக்குத் தனக்கென்று ஒரு கதவு வேண்டும். அதைச் சுவரில் வரைந்து தர வேண்டும், ஜீப்பில் வருகிற சுற்றுலாக்காரர்கள் கண்ணில் படுகிற மாதிரி.

மழை விட்டு விட்டுப் பெய்த நாட்கள். தோழி சாரத்தில் ஏறி வரைந்தாள். லயத்துப் பெண்கள் முதல் நாள் அவளைத் தள்ளி நின்று பார்த்தார்கள். அடுத்த நாளே மதினி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "மதினி, என் மூக்க கொஞ்சம் சின்னதாப் போடுங்க." "உன்ற மூக்கு பெருசுன்னு நானா சொன்னன்? சாமிகிட்டப் போயிக் கேளு." சுவருக்கு மேலும் கீழுமாகச் சிரிப்பு பறக்கும்.

என் வேலை வரிகள் சேகரிப்பது. தாழ்வார ஓரம் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: வீடு என்றால் உங்களுக்கு என்ன? "கக்கூசு உள்ள இருக்கணும், மழையில கொடை பிடிச்சுட்டு ஓடக் கூடாது" என்றார் கமிட்டித் தலைவி. "சண்ட போட்டா அடுத்த அறைக்குக் கேக்கக் கூடாது" என்றாள் ஒருத்தி. "உன் சண்ட மூணாறு வரைக்கும் கேக்கும்ளா, வீடு என்ன செய்யும்?" என்றாள் இன்னொருத்தி.

கடைசி அறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் ஓய்வு பெற்றவர், நெடுநெடுவென்று உயரம். இளையவர் இன்னும் கொளுந்துக்குப் போகிறவர், அறை அவர் பெயரில். பெரியம்மா மகளும் சின்னம்மா மகளும் என்று சொல்லியிருந்தார்கள். மாதா கோயிலில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். யாரும் மேலே கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதை என்று அந்த லயம் எப்படியோ முடிவு செய்திருந்தது. எனக்கு மட்டும் பார்த்தவுடனே தெரிந்தது. காலையில் இளையவர் வேலைக்குக் கிளம்பும்போது, செடி ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக் விரிப்பை மூத்தவர்தான் பின்னால் நின்று கட்டிவிடுவார். முடிச்சு விழுந்த பிறகும் கை ஒரு கணம் அங்கேயே இருக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு கணத்துக்காக நான் பல ஊர்களில் பல வாடகை வீடுகளில் அலைந்திருக்கிறேன்.

மற்றவர்கள் போன பிறகு இளையவரிடம் கேட்டேன். அவர் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். வெளியே மூத்தவர் விறகு நனையாமல் மூடிக்கொண்டிருந்தார். தாடையால் அந்தப் பக்கம் காட்டி, "எனக்கு வீடுன்னா இவதான்" என்றார்.

என் உடம்பில் ஒரு விளக்கு எரிந்தது. "எழுதட்டுமாக்கா?"

சிரித்தார். "பேரு போட மாட்டியள்ல?"

"போட மாட்டேன்."

சத்தியமாகப் போடவில்லை. தோழி சுவரின் நடுவில், ஒருத்தி இன்னொருத்திக்கு விரிப்பு முடிச்சுப் போடுவதைப் போல ஒரு சித்திரம் வரைந்திருந்தாள். காலை வேலையின் அழகு என்று நினைத்து வரைந்தது. ஒரு உருவம் உயரமாக இருந்தது. அந்தச் சித்திரத்துக்குக் கீழே, கை அகல எழுத்தில், "எனக்கு வீடு என்றால் இவள்தான்" என்று எழுதச் சொன்னது நான்.

தோழி தூரிகையை டின்னில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க கவிஞரே, இந்த வரி இங்கயா? ஓரமா அக்கட்டால போடலாமுங்களே."

"இங்கேதான் உயிர் வருதுக்கா."

"யாரோட உசுருங்க?" என்றாள். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கு மறைந்து நிற்பது என்றால் என்னவென்று தெரியும், அது அவளுக்கு ஒருநாளும் வாய்க்காததனால். எனக்கு வேண்டிய அளவு வாய்த்திருந்தது. அதனாலேயே அதன் விலை மறந்துபோயிருந்தது. அவள் எழுதினாள். நான் போனில் படம் எடுத்தேன், அனுப்பினேன், பலரும் அனுப்பினார்கள். பாலக்காட்டில் எங்கள் கூட்டம் ஒன்றில் அந்தப் படத்தைத் திரையில் காட்டி, அது வெறும் தோழமை அல்ல, அதற்கும் மேலே என்று பேசினேன். கைதட்டினார்கள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும் என்ற பெருமையோடு உட்கார்ந்தேன். அந்தக் கைதட்டலை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

சில வாரங்களில் கமிட்டித் தலைவி போன் செய்தார். "தம்பி, செவுத்துல நல்லாத்தான் எழுதிட்டுப் போயிட்டிய. ஒருக்க வந்துட்டுப் போங்க."

உடுமலை, மறையூர், மூணாறு என்று வண்டி ஏறியது. பின்னால் ஒரு டின் வெள்ளைப் பெயின்டும் டர்பன்டைனும் உருண்டன. தோழி சாலையைப் பார்த்தே ஓட்டினாள். என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று வழியெல்லாம் காத்திருந்தேன்.

தலைவி வாசலிலேயே நிறுத்திப் பேசினார். ஜீப்புக்காரர்கள் சித்திரத்தைக் காட்டி, இவங்க ரெண்டு பேரும் எந்த அறை என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்களாம். லயத்துப் பையன்கள் அந்த வரியைச் சொல்லி ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து விளையாடுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்த பெஞ்சில் வழக்கமாக உட்காருகிறவர்கள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்களாம். "எனக்கு அதெல்லாம் பெருசில்ல தம்பி. நான் முன்னால போயி அவிய பக்கத்துல உக்காந்துட்டேன். ஆனா சூப்பர்வைசர் வந்து எளையவகிட்ட, இந்த அம்மா உங்களுக்கு என்ன முறைன்னு கேட்டாரு. பெரியம்மா மகள்னு நான்தான் சொன்னேன். அதுக்கு ரேஷன் கார்டு இருக்கான்னு கேட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. இவ சொந்தம் இல்லாத ஆள வச்சிருக்கான்னு மேல எழுதினா இவளுக்கு அறையும் போவும், வேலையும் போவும். நாம கேக்க வந்ததையே நம்ம கையால பறிகுடுத்த மாதிரி ஆயிருச்சு."

நான் வெள்ளைப் பெயின்ட் டின்னைத் திறந்தேன். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்த ஒரே செயல் அது. சுவர் வெள்ளையானால் நானும் கொஞ்சம் வெள்ளையாவேன் என்ற நப்பாசை.

"என்ன செய்யப் போறிய?" மூத்தவர் அறையிலிருந்து இறங்கி வந்தார்.

"அழிச்சிடறேன்க்கா."

"அழிச்சா, ஆமான்னு ஆயிரும்." டின்னின் மூடியை எடுத்து அவரே திரும்பப் பொருத்தினார், பால் பாத்திரத்தை மூடுகிற மாதிரி நிதானமாக. "இம்புட்டு நாளும் இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. அப்படியே போய்க்கிட்டிருந்துச்சு. இப்பம் நீங்க ஒண்ணச் சொல்லிட்டிய. இன்னொண்ணச் சொல்லுறதுக்கு வராதிய."

தோழி தலையைக் குனிந்துகொண்டாள். "வரைஞ்சது என்ற கையிதானுங்க. என்னையத் திட்டுங்க."

"உங்கள எதுக்கு மதினி? படம் நல்லாத்தான இருக்கு. அவ தெனமும் வேலைக்குப் போகும்போது நின்னு பாத்துட்டுப் போறா." சொல்லும்போது முகம் திரும்பியது. அது கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

லயத்தை விட்டுப் போவதென்று மூத்தவர் காந்தலூரில் ஒரு தோட்டக்காரரிடம் ஏற்கனவே பேசி வைத்திருந்தார். பூண்டு தரம் பிரிக்க ஆள் வேண்டும், ஷெட்டுக்குப் பின்னால் தங்க ஒரு அறை உண்டு. பேச்சு அடங்கும் வரை, சூப்பர்வைசர் வேறு பக்கம் மாறும் வரை. எவ்வளவு நாள் என்று இளையவர் கேட்டதற்கு, "பூண்டு முடியுற வரைக்கும்" என்றாராம். காந்தலூரில் எந்தக் காலத்திலும் ஏதாவது ஒன்று மண்ணிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. அது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை பஸ்ஸில் போவதாக இருந்த மூத்தவரை, நாங்கள் அந்த வழியாகத்தான் இறங்குகிறோம் என்று தோழி வண்டியில் ஏற்றிக்கொண்டாள். இளையவர் வேலைக்குப் போயிருந்தார். வேண்டுமென்றே அந்த நேரத்தில் கிளம்பினார்களா, நான் கேட்கவில்லை. அதுவரை கேட்டதெல்லாம் போதும்.

வண்டி மறையூர்ப் பக்கம் இறங்கியது. தேயிலை முடிந்து சந்தன மரங்களின் கம்பிவேலி வந்தது. நடுவில் மூத்தவர், மடியில் பை. நான் ஜன்னல் ஓரம், என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"மதினி, உங்கள எப்பம் வீட்ட விட்டு வெரட்டுனாவ?" என்று மூத்தவர் கேட்டார், பருப்பு விலை கேட்பதைப் போல.

"வெரட்டல. நானேதான் வந்தனுங்க. அக்கட்டால திரும்பிப் பாத்தா கதவு பூட்ட மாத்திப்புட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பூட்டுக் கடைக்கே நான்தானுங்க போர்டு எழுதினன்."

இருவரும் சிரித்தார்கள். மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன். அந்தச் சிரிப்பில் எனக்கு இடம் இல்லை என்பது போல இருந்தது, அவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்றாலும். வளைவு ஒன்றில், "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அதச் சொல்லாதிய தம்பி. நீங்க சொன்னா நான் பதிலுக்கு ஒண்ணு சொல்லணும். எனக்குக் களைப்பா இருக்கு."

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே கேட்டார், "இதையும் எழுதுவியளோ?"

"இல்லக்கா" என்றேன்.

இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அறையின் இடத்தை மாற்றியிருக்கிறேன், உயரத்தை மாற்றியிருக்கிறேனா இல்லையா என்பதைச் சொல்ல மாட்டேன். பெயர் போடவில்லை. ஆனால் பெயர் போடாமல் இருப்பது எவ்வளவு மெல்லிய துணி என்று ஒரு சுவர் எனக்குக் காட்டியிருக்கிறது. எழுதாமல் இருந்தால் குற்றத்தை என்னுள்ளேயே அழகாக வளர்த்துக்கொண்டிருப்பேன். எழுதினால் திரும்பவும் அவர்களை எடுத்துப் பயன்படுத்துகிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் செருப்பைப் போடுகிறேன், கழற்றுகிறேன். லயத்துக்குப் போகும் எங்கள் கூட்டம் இப்போதும் போகிறது. கமிட்டியின் கோரிக்கை இப்போதும் கிடக்கிறது. நான் வரிகள் சேகரிப்பதில்லை. பின்னால் நின்று பாய் விரிக்கிறேன், மைக் வயரைச் சுருட்டுகிறேன். அதையும் தண்டனை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது பிடித்திருக்கிறது.

காந்தலூரில் ஷெட்டின் முன்னால் வண்டி நின்றது. தார்ப்பாயில் பூண்டு குவிந்து கிடந்தது. கேரட் மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மலைக்காற்று குளிராக, மண் வாசனையோடு அடித்தது. மூத்தவர் இறங்கி, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, அறை எங்கே என்று ஒரு பெண்ணிடம் கேட்டு, பையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். தோழி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே அவர் கையில் இருந்தது. காலையிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடித்து நான் பார்க்கவில்லை. என் பக்கத்து ஜன்னலருகே வந்து நின்றார்.

"தம்பி, மூணு மணிக்கு மேல அவ வேல முடிஞ்சு வந்திருவா. ஒரு போன் போட்டு, நான் நல்லபடியா வந்து சேந்தேன், வயிறாரச் சாப்ட்டேன்னு சொல்லிருங்க."

"நீங்க இன்னும் சாப்பிடவே இல்லையேக்கா. நீங்களே பேசுங்களேன், நான் போன் போட்டுத் தர்றேன்."

"நான் பேசுனா கொரல்லயே கண்டுபிடிச்சிருவா. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அவ நம்புவா."