மூன்றாவது கைத் தகடு

ஒரு கல்யாணப் பந்தியில் என் வலது கையில் இருந்த சோறு இலைக்கு வெளியே விழுந்தது. அன்றிலிருந்து நான் பந்தியில் உட்காருவதை விட்டுவிட்டேன். கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துக் கிடந்தன. சோற்றைப் பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்று கண்ணால் பார்த்தால்தான் எனக்கே தெரியும். என் மனைவியின் அண்ணன் எதிர் வரிசையில் இருந்து, "என்ன மாப்ள, ரசத்துக்கு அணை கட்டத் தெரியலையா? தங்கச்சிய வந்து ஊட்டச் சொல்லவா?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்மேல் தப்பில்லை. என் வலியை நான் யாரிடமும் சொன்னதில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன்.

நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் இடத்தில் எனக்கு வேலை. இருபது வருடமாகக் கரி மூட்டையைப் பிடரியில் தாங்கி லாரியில் ஏற்றினேன். முதலில் கழுத்து வலித்தது. மூட்டை தூக்குகிற எல்லோருக்கும் வலிக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு தோள் வலித்தது. பிறகு தோளில் இருந்து விரல் வரை கரண்ட் அடித்தது போல் இழுத்தது. படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. தைலம் தேய்த்தேன். கடையில் மாத்திரை வாங்கித் தின்றேன். சுளுக்கு வழிக்கிறவரிடம் போய்க் கையைக் கொடுத்தேன். இரண்டு வருடம் இப்படியே போனது. கையில் பலம் குறைந்துகொண்டே வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தவன். கை போய்விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

எந்த உறுப்பில் நோயோ, அந்த உருவம் பதித்த தகட்டை வாங்கிச் சாமிக்குக் காணிக்கை போடுவது நம் வழக்கம். தை மாதம் எங்கள் நயினார் சாமிக்கு ஒரு கைத் தகடு போட்டேன். மாசியில் இன்னொன்று. ஒன்றும் மாறவில்லை. பங்குனியில் மூன்றாவது முறை போனேன். தீர்த்தத்தில் குளித்து எழுந்தவனுக்கு வேட்டியைப் பிழிய முடியவில்லை. ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்து அழுதேன்.

"நயினாரே, எனக்கு அலுத்துப்போச்சு. கையக் குடு. இல்லாட்டி எங்கன போகணும்னாச்சும் சொல்லு" என்று கேட்டேன். வேறு வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை.

கோவில் வாசலில் தகடு விற்கும் பெண்ணிடம் போய், "ஒரு கை குடு தாயி" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு மாசமா வாரீக. இது மூணாவது கை. உங்களுக்கு மொத்தம் எத்தன கைண்ணே?"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

"கோவிச்சுக்கிறாதீக. எந்த விரலு மரத்துப் போகுது?"

காட்டினேன்.

"கழுத்தத் திருப்புனா சுருக்குன்னு கைக்கு இறங்குதா?"

"ஆமா தாயி."

"அப்பக் கோளாறு கழுத்துல இருக்குண்ணே. உங்க பிடரியப் பாத்தாலே தெரியுது, எங்க வீட்டுக்காரரும் மூட்ட தூக்குனவருதான். கையவே தேச்சுத் தேச்சு ரெண்டு பாட்டில் தைலம் தீந்துச்சு. ராமநாதபுரத்துல பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. கையக் காட்டாதீக, கழுத்தக் காட்டுங்க."

"கழுத்துத் தகடு இருக்கா?" என்று கேட்டேன்.

"அத யாருண்ணே கேக்குறாக? முழு ஆளுதான் இருக்கு. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவரு எங்க போயிறப் போறாரு" என்று கோபுரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

படியில் கேட்டதற்கு வாசலிலேயே பதில் வந்துவிட்டது. தகடு வாங்காமலே கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்து எலும்புக்கு நடுவில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கை விளங்காமல் போயிருக்கும் என்றும் சொன்னார். கழுத்துப் பட்டையும் மருந்தும் கொடுத்தார்கள். பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். இனிமேல் மூட்டை தொடக்கூடாது என்றார்கள். காலையிலும் மாலையிலும் சுவரைப் பார்த்து நின்று கழுத்தை அசைப்பேன். ஒவ்வொரு அசைவுக்கும் நயினாரே, நயினாரே என்பேன். சித்திரை போனது. வைகாசி போனது. சலித்துப்போய் விட்டுவிடலாம் என்று பல நாள் தோன்றியது. விடவில்லை.

முதலாளி என்னைச் சாக்கு வாய் தைக்கும் வேலைக்கு மாற்றினார். ஆவணியில் ஒரு நாள் தைத்துக்கொண்டிருந்தபோது கோணி ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. சுள்ளென்று வலித்தது. "அய்யோ" என்று கத்தினேன். அங்கேயே கரி அள்ளிக்கொண்டிருந்த என் மனைவி ஓடி வந்தாள்.

"ரத்தம் வருது, என்னத்துக்குச் சிரிக்கிறீக?"

"வலிக்குது புள்ள" என்றேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. என் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இன்றும் மழைக் காலத்தில் கழுத்து வலிக்கிறது. முன்போல் வேலை செய்ய முடியாது. சீக்கிரம் அசந்துவிடுகிறேன். ஆனால் கை என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணிடமே முழு ஆள் தகடு வாங்கிச் சாமிக்குப் போட்டேன்.

உங்களில் யாராவது என்னைப்போல் வலியை மறைத்துக்கொண்டு இருந்தால், நயினாரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காதையும் திறந்து வையுங்கள். அவர் யார் வாயால் பேசுவார் என்று நமக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அதே மைத்துனர். ரசத்துக்கு நானே அணை கட்டினேன். ஒரு சொட்டுக்கூட இலைக்கு வெளியே போகவில்லை.