செக்ரோல் ஐயா போட்ட அரைப்பேர்

என் வீட்டு அலுமாரியில் ஒரு மரக் கைப்பிடி இருக்கிறது. கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளம். தலை உருண்டை, கழுத்து ஒடுக்கம், அடி தட்டை. முன்பு அது எங்கள் தோட்ட ஒபீஸின் சீல். அடியில் ஒட்டியிருந்த ரப்பரை உரித்த இடத்தில் ஊதா மை மரத்துக்குள் ஊறிப்போய் இன்னமும் போகவில்லை. சீலாக இருந்தது போக, மீதிக் காலமெல்லாம் அது சதுரங்கப் பலகையில் ராஜாவாக இருந்தது. அதை ராஜாவாக்கியவர் செக்ரோல் ஐயா. போன மாதம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரைப் பார்க்க மாவனல்லைக்குப் போனேன்.

நான் கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் தப்பால்காரனாக இருந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. காலையில் ஒபீஸ் கடிதங்களைத் தோல் பையில் போட்டுக்கொண்டு பக்கத்துச் சின்ன டவுணின் தபால் கந்தோருக்கு நடந்து போய், அங்கிருந்து வரும் கடிதங்களோடு பின்னேரம் திரும்பி வருவதுதான் வேலை. அதிகம் பேச வராது. பேச வேண்டியிராத வேலை என்பதாலேயே அது எனக்குப் பிடித்திருந்தது. செக்ரோல் என்பது தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பெயரெல்லாம் எழுதிய பெரிய புத்தகம். முழுநாள் வேலை செய்தால் ஒரு பேர், பாதியில் போனால் அரைப்பேர். அந்தப் புத்தகத்தை வைத்திருந்த கிளாக்கர்தான் செக்ரோல் ஐயா. என்னை விட இரண்டு வயது இளையவர், மாவனல்லை முஸ்லிம். ஒபீஸுக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்து சனிக்கிழமை பின்னேரம் ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை வருவார். கண்ணால் காணாத எதையும் எழுத மாட்டார். கங்காணி சொன்னாலும் சரி, தொழிற்சங்கத் தலைவர் சொன்னாலும் சரி. "அவரு பொண்டாட்டி சமையல் கட்டுல இருந்து நேரத்தோட வந்தா அதுக்கும் அரைப்பேருதான் போடுவாரு" என்று லொறி டிரைவர் சொல்லிச் சிரிப்பார்.

டவுணிலிருந்து நான் வெள்ளனவே திரும்பிவிடும் நாட்களில் எங்கள் இருவருக்கும் அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கும். ஒரு பெட்டி மூடியில் கட்டம் கீறி, றப்பர் கொட்டைகளையும் சோடா மூடிகளையும் காய்களாக வைத்திருந்தார். அவருடைய ராஜா ஒரு மைப்போத்தல் மூடி. எப்படி நகர்த்துவது என்று இரண்டு நாளில் காட்டினார். மூன்றாம் மாதம் நான் அவரைத் தோற்கடித்தேன். ஆனால் ராஜாவுக்கு வழி மறிக்கும்போது வாய் திறந்து 'செக்' சொல்ல எனக்குக் கூச்சம். காயை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். அவர் விட மாட்டார்.

"தப்பால், சொல்லணும். சொல்லாம அடிக்கிறது மரியாத இல்ல."

ஒருநாள், இந்தச் செக்கும் செக்ரோலில் இருக்கிற செக்கும் ஒன்றா என்று அவரிடம் கேட்டேன். நான் அதுவரை யாரிடமும் கேட்டதிலேயே பெரிய கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தெரியாது என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. ஊருக்குப் போனபோது ஆசிரியராக இருந்த தன் மாமாவின் தடித்த அகராதியைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பஸ்ஸால் இறங்கிய கையோடு என்னைத் தேடி வந்தார். பாரசீகத்தில் ஷா என்றால் ராஜா. ராஜாவுக்கு ஆபத்து வரும்போது எதிராளி 'ஷா' என்று சொல்லி எச்சரிப்பான். அந்தச் சத்தம் அரபியில் ஏறி, பிரெஞ்சில் இறங்கி, ஆங்கிலத்துக்குப் போகும்போது செக்காகிவிட்டதாம். எச்சரிப்பது என்பது நிறுத்துவது என்றாகி, பிறகு நிறுத்திப் பார்ப்பது, சரிபார்ப்பது என்று விரிந்ததாம். பெயர்களைச் சரிபார்க்கும் புத்தகம் செக்ரோல் ஆனது அப்படித்தான். தோட்டத்து மானேஜரான துரை கையெழுத்துப் போடும் வங்கிச் செக்கும் அந்தக் குடும்பந்தான். "நீங்க உடுத்தீக்கிற சாரம்கூட" என்றார். குனிந்து பார்த்தேன். சதுரங்கப் பலகை மாதிரியே கட்டம் கட்டமாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் இருவரும் செக் பொறுக்கிக்கொண்டிருந்தோம். டொக்டரின் செக்கப் வரைக்கும் வந்து, கடைசியில் பாலத்தடியில் பீப்பாய்கள் வைத்து ஆட்களை மறிக்கும் செக்பொயிண்டில் வந்து நின்றோம். போர்க்காலம் அது. அதன் பிறகு இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஐந்து மாதப் பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்த என் மனைவி நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் மயங்கி விழுந்தாள். தப்பால் பையை ஒபீஸில் வைத்துவிட்டு அவளைக் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மறுநாள் செக்ரோலைப் பார்த்தால் அரைப்பேர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் ஓர் உதவி கேட்டேன். முழுப்பேராகப் போடச் சொன்னேன்.

"போட ஏலாது. நீங்க பத்து மணிக்குப் போனீங்க. நான் கண்டேன்."

"ஆசுபத்திரிக்குத்தானேங்க ஐயா போனேன்."

"அதையும் எழுதீக்கிறேன்."

உண்மைதான். பக்கத்தில் சின்ன எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கக்கூட இல்லை. அன்றிலிருந்து பலகைப் பக்கம் போகவில்லை. ஓய்வு நேரத்தில் அவர் தனியாகக் காய்களை அடுக்குவது ஜன்னல் வழியே தெரியும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவேன்.

அடுத்த புதன்கிழமை பாலத்தடியில் பொலிஸார் என்னை மறித்தார்கள். எனக்கு அடையாள அட்டை கிடையாது. பிறப்புப் பதிவில் பிழை இருந்ததால் அட்டை வந்திருக்கவில்லை. தோட்ட ஒபீஸ் தந்த கடிதம் ஒன்றைத்தான் வைத்திருந்தேன். அதில் குத்தியிருந்த சீல் தேய்ந்துபோய் தோட்டத்தின் பெயரே தெரியவில்லை. ஊதா வட்டம் மட்டும் இருந்தது. சார்ஜன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறச் சொன்னார். போன வெள்ளிக்கிழமை பகல் டவுண் பஸ் நிலையத்தில் ஒரு பார்சல் கேட்பாரற்றுக் கிடந்ததாம். தோல் பை மாட்டிய தமிழன் ஒருவனை அங்கே கண்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் அன்று ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல்தான் வந்தது. "தப்பால்காரன் பகலில் டவுணில்தானே நிற்பான்" என்றார் சார்ஜன். பிடிபட்டவர்களைப் பொழுது படுமுன் பெரிய முகாமுக்கு அனுப்புவார்கள். அப்படிப் போனவர்களைத் தேடி மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பொலிஸ் நிலையத்து மூலையில் குந்தியிருந்தபடி, என் மனைவியிடம் போய் இதை யார் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணியளவில் தோட்டத்து லொறி வந்து நின்றது. என்னை ஜீப்பில் ஏற்றியதையும் வெள்ளிக்கிழமைப் பார்சல் கதையையும் டிரைவர் கேள்விப்பட்டு ஐயாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். சாக்கில் சுற்றிய செக்ரோலைக் குழந்தையைத் தூக்குவது போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஐயா இறங்கினார். அந்தப் புத்தகம் ஒபீஸ் வாசலைத் தாண்டக் கூடாது. துரை கொழும்பில் இருந்தார், அவரைக் கேட்கவும் இல்லை. இன்ஸ்பெக்டரின் மேசையில் அதை விரித்து என் பெயர் மேல் விரலை வைத்தார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு மாதமாகப் பின்னால் புரட்டினார். முழுப்பேர், முழுப்பேர், அங்கங்கே ஓர் அரைப்பேர். கடைசியில் அந்த வெள்ளிக்கிழமைக்கு வந்தார். நான் படிக்காமல் விட்டதை அவர்தான் சத்தமாகப் படித்தார். பத்து மணிக்கு மனைவியுடன் கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போனார், தப்பால் போகவில்லை, பை ஒபீஸ் அலுமாரியில். ஐயா சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வரும் வழியில் லயத்துக்குப் போய் என் மனைவியிடம் வாங்கியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதில் முழுநாள் என்று இருந்திருந்தால் இந்த மனிதன் அன்றைக்கு டவுணில் நின்றதாகத்தான் ஆகியிருக்கும்" என்று சார்ஜனிடம் சிங்களத்தில் சொன்னார். பிறகு என்னைப் போகச் சொன்னார்.

லொறியில் திரும்பினோம். தோட்டத்து வளைவில் ஏறும்போது டிரைவர்தான் ஆரம்பித்தார். "அரைப்பேரு வாங்கின ஆள அரை நாள்ல விட்டுட்டாங்களே." ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வீடு போய்ச் சேரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

புத்தகத்தை வெளியே கொண்டு போனதற்குத் துரை அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். ஐயா அதை மடித்துச் செக்ரோலுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். புது சீல் செய்யவும் அதோடு அனுமதி வந்தது. பழைய சீலின் ரப்பரை உரித்துவிட்டு, பலகையில் மைப்போத்தல் மூடி இருந்த இடத்தில் வைத்தார். "இவருக்கு இனி வேல இல்ல. ராஜாவா ஈக்கட்டும்." நான் எதிரில் உட்கார்ந்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், பிறகு பல வருடம் நினைத்தேன். ஐயா மாற்றலாகிப் போனபோது அந்த ராஜாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

போர் முடிந்து இந்த வருடம் பாலத்தடிப் பீப்பாய்களை எடுத்துவிட்டார்கள். சட்டைப் பையில் அடையாள அட்டையோடு நடந்து போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே நின்றபோதுதான் மாவனல்லைக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. அந்த மழைக்காலத்தில் வயிற்றில் இருந்த மகள்தான் பஸ் ஏற்றிவிட்டாள். ஐயாவுக்கு இப்போது இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம், நடை குறைந்திருக்கிறது. என்னைக் கண்டதும் பிளாஸ்டிக் காய்களோடு பலகையை எடுத்தார். நான் என் பக்கத்து ராஜாவை எடுத்துவிட்டு மரக் கைப்பிடியை வைத்தேன். பாதி ஆட்டத்தில் சொல்லிவிட்டேன்.

"ஐயா, அந்த அரைப்பேருக்கு நான் இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க."

அவர் பலகையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"அதுல என்ன ஈக்கி. நீங்க பத்து மணிக்குத்தானே போனீங்க." குதிரையைத் தூக்கி வைத்தார். "செக். ராஜாவப் பாத்துக்கோங்க, தப்பால்."

ஊதாக் கறை படிந்த அந்த ராஜாவை எடுத்து ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.