மதில் தாண்டிப் போன ஜெனரேற்றரும் என் கடைவாய்ப் பல்லும்

பல்லில் ஓட்டை இருக்கிறவர்கள் முறிகண்டியில் கச்சான் கடலை வாங்காதீர்கள். ஏ-9 பாதையால் வன்னிக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் அறிவுரை இதுதான். சோதனைச் சாவடி, அனுமதிப் பத்திரம், கண்ணிவெடிப் பலகை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் போனது 2005 ஆனி மாதம், வேலை நிமித்தம். கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம், சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. உழவு இயந்திரம், லொறி, மோட்டார் சைக்கிள் வாங்க லீசிங் கொடுப்பது எங்கள் தொழில். எங்களில் பங்கு வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனம், ஒவ்வொரு கிளையும் எவ்வளவு காபன் புகையை வெளியே விடுகிறது என்று கணக்குத் தரச் சொன்னது. கணக்குக் கொடுத்தால் மட்டும் போதாது, வருடா வருடம் குறைக்கவும் வேண்டுமாம். கிளை வாங்கிய டீசல், கிளையின் வாகனம் குடித்த பெற்றோல், மின்சாரசபை அனுப்பும் கட்டணத்தில் உள்ள அலகுகள், இவற்றை அதற்கதற்கு உரிய எண்ணால் பெருக்கினால் இத்தனை கிலோ காபன் என்று விடை வரும். பெருக்கத் தெரிந்தால் போதும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

கிளிநொச்சிக் கிளைதான் எங்களுக்குப் பெரிய தலையிடி. அங்கே மின்சாரசபையின் கம்பி இல்லை. காலை திறந்தால் மாலை பூட்டும் வரை ஜெனரேற்றர்தான். முதல் வருடக் கணக்கில், ஆள் வீதம் பார்த்தால் அதிகம் புகைத்த கிளை அதுதான். மதியம் பன்னிரண்டு மணிமுதல் ஒரு மணிவரை ஜெனரேற்றரை நிற்பாட்ட வேண்டும் என்று நான்தான் ஒரு சட்டம் எழுதி அனுப்பினேன். இரண்டாம் வருடக் கணக்கு வந்தபோது டீசல் என்ற இடத்தில் பூச்சியம் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பூச்சியமேதான். தலைமையகத்தில் பெரியவர்களுக்கு ஒரே சந்தோசம். அதை எப்படிச் சாதித்தார்கள் என்று நேரில் பார்த்து எழுதிக்கொண்டு வா, மற்றக் கிளைகளையும் அப்படியே செய்ய வைப்போம் என்று என்னை அனுப்பினார்கள்.

கொழும்பிலிருந்து குளிரூட்டிய வாடகை வான், கிலோமீற்றருக்கு இருபத்தெட்டு ரூபா. சாரதி தவம் அண்ணை வவுனியாவில் பிறந்து வளர்ந்தவர். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, வழியில் இரண்டு தேநீர் குடித்து, வவுனியா போய்ச் சேர ஒரு மணியாகிவிட்டது. ஏறத்தாழ இருநூற்று ஐம்பது கிலோமீற்றர். அன்று அங்கேயே தங்கினோம். ஃபானும் நுளம்பு வலையும் உள்ள அறை அறுநூற்றைம்பது ரூபா. நுளம்பு வலையில் ஓட்டை இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள், நான் பார்க்கவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கே ஓமந்தை இராணுவச் சாவடி வரிசையில் நின்றோம். வாகனம் ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம். பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள். அதைத் தாண்டினால் புளியங்குளத்தில் அந்தப் பக்கத்துப் போராளிகளின் சாவடி. அங்கேயும் படிவம், அங்கேயும் வரிசை. இரண்டுக்குமாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தபோது தவம் அண்ணை தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திருகிக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலம் பின்னுக்கு. கொழும்பு எப்போதோ கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டது, வன்னி தள்ளவில்லை. ஒரே நாட்டில் ஒரே தெருவில் நேரம் மாறும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் பிடிவாதமாகக் கொழும்பு நேரத்தையே வைத்திருந்தேன்.

மாங்குளம் வரை ஜன்னலால் பார்த்துக்கொண்டே போனேன். தலையில்லாத பனைகள், கூரையில்லாத வீடுகள், தெருவோரம் நெடுக மண்டையோட்டுப் பலகைகள். சிறுநீர் கழிக்க இறங்கினால் தார் ஓரத்தைத் தாண்டி ஓர் அடியும் வைக்கக் கூடாது என்று தவம் அண்ணை சொன்னார். அதன் பிறகு எனக்கு அந்த அவசரமே வரவில்லை. வேகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மீறினால் உடனே தண்டம் கட்ட வேண்டும், கெஞ்சிப் பயனில்லை.

முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி எந்த வாகனமும் நிற்காமல் போகாது. நாங்களும் நின்று தேங்காய் உடைத்தோம். பிறகு எல்லாரும் செய்வதுபோலச் சுடச்சுடக் கச்சான் வாங்கினேன், பத்து ரூபா. மூன்றாவது வாயில் கல்லோ கோதோ ஒன்று கடிபட, இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் நெடுநாளாக இருந்த ஓட்டையின் ஒரு பக்கம் உடைந்து கையில் வந்தது. உயிர் போய் வந்தது. கிளிநொச்சி வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டே போனேன்.

எங்கள் கிளை ஏ-9 ஓரத்தில், ஒரு கடை வரிசையின் முதல் கதவு. மனேஜர் சுலோசனா அக்கா வாசலுக்கே வந்து வரவேற்றா. ஐம்பது வயதிருக்கும். கொழும்பு எதைச் சொன்னாலும் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்பவா என்று பெயர் எடுத்தவா. உள்ளே கொம்பியூற்றர் ஓடியது, ஃபான் சுழன்றது. இதெல்லாம் டீசல் இல்லாமலா என்று எனக்குப் பல்வலியிலும் மெய்சிலிர்த்தது. ஜெனரேற்றர் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனா. வெறும் சீமெந்துத் தளம், நான்கு ஆணித் துளைகள், மேலே ஒரு கோழி. ஆனால் சத்தம் கேட்டது. மதிலுக்கு மேலால் ஒரு வயரும் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, எங்கள் நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய அதே ஜெனரேற்றர் கறுப்பாகப் புகைத்துக்கொண்டு நின்றது. என் வாய் திறந்தபடியே இருந்தது.

சுலோசனா அக்கா அமைதியாகச் சொன்னா. "ஓம் தம்பி, எங்கட மிசின்தான். பக்கத்துக் கடை நசீர் நானாவுக்கு வித்திட்டம். டீசல் அவர் அடிக்கிறார், நாங்கள் அவரிட்டைக் கரண்ட் வாங்கிறம். நீங்கள் எங்கட டீசலைத்தானே கேட்டனீங்கள்? எங்கட டீசல் இல்லை."

ஏமாற்றிப் பேய்க்காட்டுகிறாவா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. டீசலை எப்படியாவது குறைக்கச் சொல்லித் தலைமையகம் நெருக்கியபோது இந்த வழியை எழுதிக் கேட்டிருக்கிறா. தாராளமாக விற்கலாம் என்று சொத்துப் பிரிவிலிருந்து பதில் வந்திருக்கிறது, எங்கள் பிரிவுக்கு யாரும் சொல்லவில்லை. நசீர் நானா தரும் கரண்டுக்கு மின்சாரசபைக் கட்டணம் வராது, ஆகவே அந்த இடமும் வெறுமை. என் பெருக்கல் கணக்கில் இந்தப் புகை நுழைய ஒரு வாசல்கூட இல்லை. இதைப் பார்க்கவா முந்நூற்று முப்பது கிலோமீற்றர் வந்தேன் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

நசீர் நானா முல்லைத்தீவுப் பக்கத்து வியாபாரி. இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்து, போர்நிறுத்தத்தில் பாதை திறந்த பிறகு திரும்பி வந்து ஹாட்வெயார் கடை போட்டவர். என் கோபத்தைப் பார்த்துச் சிரித்தார். கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பழைய சாக்கு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஆறு சின்ன ஜெனரேற்றர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவருடையது, சலூன்காரருடையது, கூல்பார், தையல் கடை, சைக்கிள் கடை, வரிசையின் கடைசியில் உள்ள பல் கிளினிக். முன்பு ஆறும் ஆறு பக்கம் மண்ணெண்ணெயும் பெற்றோலும் குடித்துப் புகைத்தனவாம். பெரியது கைக்கு வந்ததும் எல்லாருக்கும் வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார்.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்த ஜெனரேற்றர் குளிரூட்டிக்கும் சேர்த்து வாங்கியது, குளிரூட்டி வரவேயில்லை. ஒரு கொம்பியூற்றருக்கும் மூன்று ஃபானுக்கும் அதை ஓட்டியது, ஓர் ஆளின் சோற்றை அண்டாவில் சமைத்தது மாதிரி. இப்போது ஏழு இடத்துக்குக் கொடுத்தும் டீசல் கொஞ்சம்தான் கூட, ஆறு சின்னதும் ஓய்ந்துவிட்டன. எங்கள் பூச்சியம் சுத்தப் பொய். ஆனால் அந்தத் தெருவின் புகை மெய்யாகவே குறைந்திருந்தது. எது பெரிய அதிர்ச்சி என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குள் பல்வலி தெறித்தது. நசீர் நானாவே என்னைப் பல் கிளினிக்கில் கொண்டுபோய் விட்டார். டொக்டர் நளாயினி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவா, என் வயதுதான் இருக்கும். பல்லைப் பார்த்துவிட்டு, காப்பாற்றலாம், துளைத்து அடைக்க வேண்டும் என்றா. கதிரையைச் சாய்த்து, மரக்க ஊசி போட்டு, காற்றுப் பம்பை முடுக்கித் துளைக்கத் தொடங்கினா. பாதித் துளையில் மிசின் விக்கி நின்றது. மேலே ஃபானும் மெதுவாகி நின்றது. தெரு முழுக்கச் சத்தமில்லை.

"வாயை மூடாதேங்கோ," என்றா டொக்டர். கொஞ்ச நேரம் காத்திருந்தா. பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னா. "கரண்ட் இல்லாட்டி அடைக்கேலாது. இப்பிடித் திறந்தபடி விடவும் ஏலாது, பிடுங்கத்தான் வேணும். என்ர சின்ன மிசின் இந்தப் பம்பை இழுக்காது. இந்த லைன் வரமுந்தி இஞ்ச வந்த எல்லாருக்கும் நான் பிடுங்கித்தான் விட்டனான், நல்ல பல்லையும்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. என் கையைப் பார்த்தேன். பன்னிரண்டு. கொழும்பு நேரம் பன்னிரண்டு. என் சட்டம். ஐயோ என்று கத்த வாயில் இடமில்லை. நெஞ்சில் கட்டிய துணியோடும் வாயில் பஞ்சோடும் எழும்பி, சலூனையும் கூல்பாரையும் தாண்டி ஓடினேன். சலூனில் பாதிச் சவரத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கிளையில் சுலோசனா அக்கா நின்றுபோன ஃபானுக்குக் கீழே சாப்பாட்டுப் பார்சலை விரித்து வைத்திருந்தா. மற்ற நாட்களில் நசீர் நானாவின் ஜெனரேற்றருக்கு மதிய ஓய்வே கிடையாதாம். சட்டம் எழுதின ஆளே வந்திருக்கிறாரே, பிசகக் கூடாது என்று இன்றைக்கு மட்டும் கொழும்பு நேரப்படியே சொல்லி நிற்பாட்டியிருக்கிறா. "பாத்தீங்களோ தம்பி, பன்னிரண்டு எண்டா பன்னிரண்டுதான்," என்றா பெருமையாக. நான் வாயைத் திறந்து காட்டினேன். உள்ளே பார்த்தா. கையைக்கூடக் கழுவாமல் மதிலடிக்கு ஓடினா.

அரை மணித்தியாலத்தில் பல் அடைபட்டது. முந்நூற்றைம்பது ரூபா. புறப்படும்போது சுலோசனா அக்கா வான் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ, எனக்குச் சிறந்த கிளை எண்ட பரிசொண்டும் வேண்டாம். ஆனா மிசினை எடுக்கச் சொல்லி மட்டும் எழுதிப் போடாதேங்கோ. லைன் நிண்டா டொக்டர் அவா யாழ்ப்பாணம் போயிடுவா."

கொழும்பு வந்து மூன்று பக்கம் எழுதினேன். பூச்சியம் பிழை, நாங்கள் வாங்கும் கரண்டின் புகை எங்கள் கணக்கில் வர வேண்டும் என்றேன். ஆனால் ஜெனரேற்றரைப் பகிர்ந்ததால் தெருவின் புகை குறைந்திருக்கிறது, அதுதான் மெய்யான குறைப்பு, அதில் கைவைக்க வேண்டாம் என்றேன். என் பல்லைப் பற்றி எழுதவில்லை. இரண்டு கிழமையில் மேலதிகாரி கூப்பிட்டார். வெளியாள் வாங்கும் டீசல் எங்கள் கணக்கில் வராது, பூச்சியம் அப்படியே இருக்கட்டும் என்றார். கிளிநொச்சிதான் இந்த வருடத்தின் சிறந்த கிளை. மற்றக் கிளைகளும் மூன்று மாதத்துக்குள் தங்கள் ஜெனரேற்றரைப் பக்கத்தில் யாருக்காவது விற்றுவிட வேண்டும். அங்கேயும் தெருவுக்கு வயர் இழுப்பார்களா என்று கேட்டேன். அது நமது விடயமில்லை என்றார். டொக்டர் நளாயினியின் லைன் தப்பியதில் எனக்கு நிம்மதி. தப்பியது ஒரு பொய்யால் என்பது இன்றைக்கும் மனதுக்கு ஒப்பவில்லை.

போகிறவர்களுக்கு: சில்லறையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். பொழுதுபட முன் சாவடி பூட்டிவிடும், அங்கே யாருடைய நேரப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தார் ஓரத்தை விட்டு இறங்காதீர்கள். தனியாகப் போனால் வவுனியா வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடியுங்கள். எங்கள் வான் போய்வர எழுபத்தைந்து லீற்றருக்குக் குறையாமல் டீசல் குடித்தது, அதில் பாதி குளிரில் என்னை உட்கார வைக்கவே போயிருக்கும்.

அந்த எழுபத்தைந்து லீற்றரைக் கணக்கில் எந்த இடத்தில் எழுதுவது என்று மேலதிகாரியிடம் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாடகை வான்தானே, அது எங்கள் டீசல் இல்லையே என்றார். ஆகவே எங்கள் கணக்கின்படி நான் கிளிநொச்சிக்குப் போகவேயில்லை. நாக்கால் தடவிப் பார்க்கிறேன், இடது கீழ்க் கடைவாய்ப் பல் அடைத்தபடி இருக்கிறது.