இரவல் கறுப்புக் கண்ணாடி

மெட்ராஸ் ஐ வந்தவனின் கண்ணை நேராகப் பார்த்தால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஐம்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நோய் அவன் பார்வையிலிருந்து கிளம்பி, காற்றில் மிதந்து வந்து என் கண்ணுக்குள் குடியேறிவிடும். எப்படி என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. இத்தனைக்கும் டிப்ளமோ படித்தவன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், பெயிண்டில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே இருபது வருடம் சம்பளம் வாங்கியவன். மயிரிழைக் கீறலும் என் கண்ணுக்குத் தப்பாது. இந்த ஓட்டை மட்டும் தப்பிவிட்டது.

அந்த மழைக்காலத்தில் எங்கள் ஷிஃப்ட்டில் ஒவ்வொருவராகச் சிவந்த கண்ணோடு லீவில் போக ஆரம்பித்தார்கள். வேறு வருடமாக இருந்தால் நான்தான் முதல் ஆளாகக் கிண்டல் செய்திருப்பேன். அந்த வருடம் சிரிப்பு வரவில்லை. என் மனைவிக்குச் சின்ன வயதிலேயே அடிபட்டு இடது கண்ணில் பார்வை இல்லை. வலது கண்ணில் புரை முற்றி, பத்து நாளில் ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருந்தார்கள். "ஒரே கண்ணுங்க. தொற்று எதுவும் வராம பாத்துக்கங்க. ஆபரேஷன் நேரத்துல வந்தா பார்வையே போகலாம்" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஊற்றச் சொல்லி ஒரு சொட்டு மருந்தும் கொடுத்தார். காலையும் சாயங்காலமும் அதை ஊற்றுவது என் வேலை.

அன்றிலிருந்து யார் முகத்தையும் பார்ப்பதை விட்டேன். மண்ணூரில் கம்பெனி பஸ் ஏறும்போதே தலை குனிந்துவிடும். சூப்பர்வைசரிடம் பேசினால் அவர் சட்டைப் பித்தானோடுதான் பேச்சு. என் மரியாதை திடீரென்று கூடிவிட்டதாக நினைத்து அவர் மகிழ்ந்துபோனார்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். முப்பது வயதிருக்கும், நான்கு பேரோடு வாடகை ரூமில் இருந்தார். அவருக்கும் வந்து, லீவு போட்டு, கண் வெளுத்துத் திரும்பியிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தபடி அவரிடம் குசலம் விசாரித்தேன்.

"என்ன அண்ணாச்சி, ஜன்னல் கம்பிகிட்ட கேக்கிய? எனக்குச் சரியாயிட்டுல்லா."

விஷயத்தைச் சொன்னேன். அவர் பையில் கைவிட்டு, துண்டுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்தார். "இதைப் போட்டுக்கிடுங்க. இனி எனக்கு எதுக்கு?"

எப்பேர்ப்பட்ட உதவி! சட்டை நுனியால் துடைத்து அங்கேயே மாட்டிக்கொண்டேன். நோயாளி தன் கண்ணோடு ஒட்டி ஒரு வாரம் வைத்திருந்த பொருளை, நோய் வராமலிருக்க என் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அந்த நிமிடம் எனக்கிருந்த நிம்மதியை என்னவென்று சொல்வது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கும் அதோடுதான் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனிடம் சாமியார் வந்து, குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

பிளாஸ்டிக் கண்ணாடி. உள்ளே வேர்த்துக் கொட்டும். கழற்றுவேன், விரலால் கண்ணைத் துடைப்பேன், மறுபடி மாட்டுவேன். அதே விரலை ஷிஃப்ட் மொத்தமும் கைரேகை வைக்கும் மெஷினில் வைப்பேன். பஸ் கம்பியைப் பிடிப்பேன். வேர்க்கும், துடைப்பேன். வீட்டுக்குப் போனதும், எங்கே என் பார்வை அவள் மேல் பட்டுவிடுமோ என்று சுவரைப் பார்த்துக்கொண்டே அவளுக்கு மருந்து ஊற்றுவேன். முதல் சொட்டு மூக்கில் விழும், இரண்டாவது கன்னத்தில்.

"இன்னாங்க, செவுத்தப் பாத்துக்கினே ஊத்தறீங்க? கண்ணு எனக்குத்தான கீது, செவுத்துக்கா?"

"பார்த்தா ஒட்டிக்கும்டி."

"உங்கள இத்தினி வருசமா பாத்துக்கினு கீறேன். இன்னா ஒட்டிக்கிச்சு? கொஞ்சமாச்சும் நக்கல் ஒட்டிச்சா?"

பேச்சில் அவளிடம் நான் ஜெயித்ததில்லை. ஆனால் அவளுக்கும் பயம்தான். மருந்து ஊற்றி முடித்தபின் எதிர்ச்சுவர் காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்லிப் பார்ப்பாள். அந்த வாரம் இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள். இரண்டு தடவையும் சரியென்று சொல்லிவிட்டேன்.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை ஷிஃப்ட்டில் என் இடது கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி இருந்தது. மணல்தான் என்று நானே தீர்ப்பு எழுதினேன். பத்து மணிக்குக் கண் ஒழுக ஆரம்பித்தது. கம்பெனி முதலுதவி அறைக்குப் போய், நர்ஸம்மா முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தொறங்க சார்."

"வேணாம்மா. உங்களுக்கு வந்துடும்."

"பாத்தா வராது சார். பாத்தா வரும்னா இந்த சீசன்ல எனக்கு எத்தினி தபா வந்திருக்கணும்? கண்ணுல வர்ற தண்ணி கையில படும், அந்தக் கை எத தொடுதோ அதுல ஒட்டும். அடுத்தவங்க அதத் தொட்டுட்டு கண்ணக் கசக்குனா போச்சு. துண்டு, தலகாணி, சொட்டு மருந்து பாட்டில், எல்லாந்தான். கைய சோப்புப் போட்டுக் கழுவறது, கண்ணத் தொடாம இருக்கறது, ஒருத்தர் சாமான இன்னொருத்தர் எடுக்காம இருக்கறது. அவ்ளோதான் வழி." என் நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்ததைக் காட்டினார். "இந்தக் கண்ணாடி உங்களுதா?"

கண்ணாடியைக் கழற்றி மடக்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "இதனாலதான்னு சொல்ல முடியாது சார். கைரேகை பஞ்ச் பண்ற மெஷினாவும் இருக்கலாம்" என்றார், பெருந்தன்மையாக.

என் காதில் விழுந்தது சொட்டு மருந்து பாட்டில் என்ற ஒன்றுதான். தினம் இரண்டு வேளை அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பிடித்தது என் விரல். காலையில்கூடப் பிடித்தேன். கை கழுவினேனா? சாப்பிட்டபின் கழுவினேன். அதற்கு முன்னால்? சுவரைப் பார்த்து ஊற்றும்போது பாட்டில் மூக்கு அவள் இமையில் இடித்தது ஞாபகம் வந்தது. நகைச்சுவை எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, கை சிவக்கிற வரை கழுவினேன். கழுவி முடித்ததும் பழக்கதோஷத்தில் கண்ணைத் துடைத்தேன். மறுபடி கழுவினேன்.

போன் செய்தேன். "அந்த மருந்து பாட்டிலத் தூக்கிப் போடு. என் துண்டு, தலகாணி எதையும் தொடாத. உன் கண்ணு எப்படிக் கீது?"

"நல்லாத்தான் கீது. வந்துடுச்சா உங்களுக்கு?"

"வந்துடுச்சு."

"அப்ப எனக்கும் வந்துடுமா?" அவள் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரிக்குச் சொன்னால் தேதி போய்விடும். அந்தத் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, அவள் கண்தான் வெள்ளையாக இருக்கிறதே என்று ஒரு அல்ப யோசனை ஓடியது. ஓடவே இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் ஓடியது. பிறகு ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினேன். எடுத்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உடனே அழைத்து வந்து காட்டச் சொன்னார். அவள் கண்ணைச் சோதித்த டாக்டர், இப்போது தெளிவாக இருந்தாலும் இனி வரலாம் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்.

தண்டலத்திலிருந்து என் மச்சினி வந்து அவளோடு தங்கினாள். கையைக் கழுவி, புது பாட்டிலிலிருந்து மருந்து ஊற்றினாள். நான் முன்னறையில் தனித் துண்டு, தனிச் சோப்போடு ஒதுங்கினேன். இரண்டாம் நாள் மற்றக் கண்ணிலும் வந்தது. ஒட்டிக்கிடந்த இமைகளை வெந்நீர்ப் பஞ்சால் பிரித்ததும் காலையில் நான் கேட்கும் முதல் கேள்வி, "அவ கண்ணு?" மச்சினி டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்வாள். அவள் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் செத்துப் பிழைப்பேன்.

இரண்டு வாரத்தில் என் கண் தெளிந்தது. ஒரு மாதம் தள்ளி ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அவளுக்குப் பார்வை தெளிவாகத் தெரிந்தது. மெட்ராஸ் ஐ அவளுக்கு வரவேயில்லை.