ஏழுக்குக் கிடைத்த மின் கம்பெனி

மீட்டர் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவள், ஒரு வாரமாகப் பங்கு விலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபோது வந்த பணம் மொத்தத்தையும் போட ஒரு மின் கம்பெனியைப் பிடித்துவிட்டாள்.

"பங்கு விலை எழுபது, ஒரு பங்குக்கு வருஷ லாபம் பத்து. வகுத்தா ஏழு! பி.இ. விகிதம்னு இதைத்தான் சொல்றாங்க. மத்த கரண்ட் கம்பெனி எல்லாம் பதினாலு, பதினஞ்சு. இது பாதி விலைங்க!"

"பாதி விலைக்கு ஏன் தர்றான்?" என்றார் வீட்டுக்காரர்.

"ஊருக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சிருச்சு."

இந்த வாய்க்கு முன்னால் எந்தப் புருஷன் நிற்க முடியும்? மறுநாள் காலையில் காசோலையோடு தரகர் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவள் வேலைக்குப் போனாள். மூன்றாவது வீட்டில் தண்ணீர்ச் செலவு போன முறையைவிட இரண்டரை மடங்கு. இப்படித் துள்ளினால் கதவைத் தட்டிக் காரணம் கேட்காமல் எழுதமாட்டாள்.

"புதுத் தொட்டி கட்டி ரொப்பினோம்க்கா. இந்த ஒரு தடவைதான்," என்றாள் அந்த வீட்டம்மா.

எழுதப்போன கை நின்றது. கம்பெனி லாபமும் போன வருடம் நாலு, இந்த வருடம் பத்து! அங்கேயே படியில் உட்கார்ந்து போனில் ஆண்டறிக்கையைத் திறந்தாள். நாற்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: பழைய மின்நிலைய நிலத்தை விற்ற லாபம், பங்குக்கு ஆறு. நிலத்தை வருடா வருடமா விற்பான்? எழுபதை நாலால் வகுத்தாள். பதினேழரை. மற்ற எல்லாவற்றையும்விட விலை கூடுதல்! ஊரார் மீட்டரில் ஓர் இலக்கம் தப்பவிடாதவள் சொந்தக் காசில் கோட்டைவிட்டிருந்தாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். பஸ் ஓட்டிய பழக்கம், வெளியே போனால் போனை அணைத்துவிடுவார். நாலு தெரு ஓடினாள்.

தரகர் மேஜையில் படிவம் விரிந்திருக்க, அவர் கையில் பேனா இருந்தது.

"கையெழுத்துப் போடாதீங்க! நான்தான் தப்புப் பண்ணிட்டேன்!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. மூச்சிரைக்கச் சொல்லி முடித்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனுஷனின் முப்பது வருட உழைப்பை ஒரே வகுத்தலில் தொலைக்கப் பார்த்தேனே என்று அழுகை முட்டியது.

அவர் படிவத்தை நாலாகக் கிழித்தார். தரகர் முகம் சுருங்கிப்போனது. காசோலையை மடித்து அவள் பையிலேயே வைத்தார்.

"சரி, அந்தப் பதினாலு, பதினஞ்சு கம்பெனியில ஒண்ணோட அறிக்கையை எடுத்துப் படி. நீ சொன்னா நாளைக்கு மறுபடி வர்றேன்."