பத்துக்கு மூன்று

தாம்பரத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு வாராவாரம் ஒரு ரிடையர்டு சயின்ஸ் டீச்சர் வருவார். காட்டன் புடவை, மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி. பழைய மாணவர்களின் அறிவியல் கட்டுரைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போடுவார். கேட்காமல் பெயரைப் போடக்கூடாது என்று, ஒவ்வொரு பெயரின் மேலும் காகிதத் துண்டு ஒட்டியிருப்பார்.

வருங்காலத்தில் ஃபோனிலேயே முகம் பார்த்துப் பேசலாம் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில், "பாடத்தில் இல்லாததை எழுதாதே. 3/10." கீழே இதே டீச்சரின் கையெழுத்து. எனக்கே சங்கடமாக இருந்தது.

"மேடம், இந்த சிவப்பு இங்க்கை கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம்."

"வேணாம்ப்பா. எழுதினவ பேரைத்தான் மறைக்கணும். மார்க் போட்டவ பேரு இருக்கட்டும்."

மற்ற கட்டுரைகளுக்கு முன்னால், முதல் பக்கமாக அதைத்தான் ஏற்றச் சொன்னார்.